தொடக்கநிலை நான்கு: பிள்ளையின் கல்வியில் ஒரு திருப்புமுனை

ஆண்டுதோறும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் வேளையில், பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்யும் பெற்றோர் பலரை நம் கோயில்களில் காண்கிறோம். பிஎஸ்எல்இ என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் அந்தத் தேர்வு, சிங்கப்பூரில் 1960ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. மூன்று தலைமுறைப் பெற்றோர் அதன் கவலையை அறிந்திருக்கிறார்கள். ஆகவே தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காகத் துணைப்பாட வகுப்பு நடத்துவதும், அதற்கு நன்கொடை வழங்குவதும் நம் சமூகத்தில் நல்வழக்கமாக வேரூன்றிவிட்டன. இது போற்றத்தக்க செயலே.

எனினும் அந்த உதவி எப்போது பிள்ளையின் கைக்குச் சேர வேண்டும் என்பதைப் பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. ஆறாம் வகுப்பில் வெளிப்படும் பல இடர்ப்பாடுகள் நான்காம் வகுப்பிலேயே முளைவிட்டவை. அங்கே கவனியாமல் விட்டதை இரண்டு ஆண்டுகள் கழித்துச் சில மாதப் பயிற்சியால் சரிசெய்ய முயல்வது ஆசிரியருக்கும் கடினம். பிள்ளைக்கோ அதைவிடக் கடினம். தொடக்கநிலை 4 முதல் 6 வரையிலான மூன்று ஆண்டுகளில் கற்றலில் என்ன மாற்றம் நிகழ்கிறது, அதில் பெற்றோரும் கொடையாளரும் எவ்விதம் துணை நிற்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வாசிக்கக் கற்பதும் வாசித்துக் கற்பதும்

முதல் மூன்று ஆண்டுகளில் பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. எழுத்தை ஒலியாக்கி, ஒலியைச் சொல்லாக்கி, சொல்லை வாக்கியமாக்குவதே அந்த வயதின் வேலை. அவ்வகுப்புகளின் புத்தகங்களில் வருவன வீடு, கடை, பூனை, மழை போன்று பிள்ளைக்கு முன்பே தெரிந்த பொருள்கள். சொல்லை உச்சரித்துவிட்டால் பொருள் தானே விளங்கிவிடும்.

ஏறத்தாழ ஒன்பது, பத்து வயதில் நிலைமை மாறுகிறது. இனி பிள்ளை வாசித்துக் கற்க வேண்டும். முன்பு அறியாத செய்திகளைப் புத்தகத்தின் வழியாகவே அறிந்துகொள்ள வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் திறமை மட்டும் இங்கே போதாது. சொல்வளமும், வாக்கியங்களுக்கிடையே உள்ள தொடர்பை உணரும் ஆற்றலும், சொல்லாமல் விடப்பட்டதை ஊகித்தறியும் பழக்கமும் தேவைப்படுகின்றன.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜீன் சால் அம்மையார், வாசிப்பின் வளர்ச்சிப் படிகளைப் பற்றி 1983இல் எழுதிய நூலில் இந்த மாற்றத்தைத் தெளிவுபடுத்தினார். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் வாசிப்பை ஆராய்ந்து, மேலும் இருவருடன் சேர்ந்து 1990இல் மற்றொரு நூலையும் வெளியிட்டார். இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் அப்பிள்ளைகள் மற்றவர்களுக்கு இணையாகவே வாசித்தனர். நான்காம் வகுப்பளவில் அவர்களிற் பலர் பின்தங்கத் தொடங்கினர். முதலில் சறுக்கியது சொற்பொருள் அறிவிலே. அன்றாடப் பேச்சில் வராத, பாடநூலுக்கே உரிய சொற்கள்தாம் அவர்களைத் தடுக்கி விழவைத்தன. கல்வியாளர்கள் இதனை நான்காம் வகுப்புச் சரிவு என்று அழைக்கின்றனர்.

அனைத்துலக வாசிப்பு ஆய்வான பிர்ல்ஸ் 2001 முதல் நான்காம் வகுப்பு மாணவர்களையே சோதிப்பதற்கும் இந்தத் திருப்பமே காரணம். அந்த ஆய்வின் 2021ஆம் ஆண்டுச் சுற்றில் 587 புள்ளிகள் பெற்றுச் சிங்கப்பூர் முதலிடத்தில் நின்றது. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் சராசரி என்பது எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டி வகுத்த எண். அந்த எண்ணுக்குக் கீழே நிற்கும் பிள்ளை நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருக்கலாம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தெரிந்த சொல், தெரியாத பொருள்

நம் பள்ளிகளில் அறிவியல் பாடம் தொடக்கநிலை 3இல் தொடங்குகிறது. அப்பாடத்தில் வரும் மூன்று ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்வோம்: மேட்டர், கண்டக்டர், சைக்கிள். மூன்றும் நம் பிள்ளைகளின் காதில் பலமுறை விழுந்தவை. ‘என்ன மேட்டர்?’ என்று வீட்டிலேயே கேட்கிறோம். கண்டக்டர் என்றால் பேருந்தில் சீட்டுக் கொடுப்பவர் என்று தாத்தா சொல்லக் கேட்ட பிள்ளை உண்டு. சைக்கிள் என்றால் மிதிவண்டி என்பது எல்லாருக்கும் தெரியும்.

அறிவியல் புத்தகத்திலோ மேட்டர் என்பது இடத்தை அடைத்துக்கொள்வதும் நிறையுடையதுமான பருப்பொருள். கண்டக்டர் என்பது வெப்பத்தையோ மின்சாரத்தையோ கடத்தும் பொருள். சைக்கிள் என்பது நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகி, மீண்டும் நீராவதுபோல் சுழன்று வரும் நிகழ்ச்சி. மூன்று சொற்களையும் சரளமாக உச்சரிக்கும் பிள்ளைக்கு அந்த வாக்கியங்களின் பொருள் விளங்காமலே போகலாம். உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கும் பெற்றோர், ‘நன்றாகத்தானே படிக்கிறான்!’ என்று மகிழ்ந்துவிடுவர். குறை அங்கேதான் ஒளிந்துகொள்கிறது.

கணக்கிலும் மொழியே கண்

‘என் பிள்ளைக்குக் கூட்டல், பெருக்கல் எல்லாம் தெரியும்; ஆனால் வாக்கியக் கணக்கு என்றால் திணறுகிறாள்’ என்று பெற்றோர் கூறுவதுண்டு. காரணம் பெரும்பாலும் வாசிப்பிலேயே இருக்கும்.

இந்தக் கணக்கைப் பாருங்கள். ரவியிடம் 40 ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. அவை மீனாவிடம் இருப்பவற்றைவிட 12 அதிகம். மீனாவிடம் எத்தனை ஸ்டிக்கர்கள் உள்ளன? ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டதும் கூட்டிவிடும் பிள்ளை 52 என்று எழுதும். சரியான விடை 28. பிள்ளைக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. யாரிடம் அதிகம், யாரைவிட அதிகம் என்று வாக்கியத்தைப் பிரித்தறியத்தான் தெரியவில்லை.

இத்தகைய இடர்ப்பாட்டைக் களையவே 1980களில் சிங்கப்பூர்ப் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தைச் சேர்ந்தவர்கள், கணக்கைப் பட்டைகளாக வரைந்து பார்க்கும் முறையைப் பாடநூல்களில் புகுத்தினர். இன்று இம்முறை பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. முதலில் கையில் தொட்டு உணரும் பொருள்கள், அடுத்துப் படம், இறுதியில் எண்களும் குறிகளும் என்ற வரிசையில் கற்பிப்பது இதன் அடிப்படை. கற்றலின் மூன்று நிலைகளைப் பற்றி உளவியல் அறிஞர் ஜெரோம் புரூனர் வகுத்த கருத்தை இது ஒட்டியது.

மேல்வகுப்புக் கணக்கு ஒன்றை இம்முறையில் செய்து பார்ப்போம். ஒருவர் தம் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைப் புத்தகங்களுக்குச் செலவிட்டார். மீதியில் நான்கில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டார். கையில் 30 வெள்ளி எஞ்சியது. முதலில் அவரிடம் எவ்வளவு பணம் இருந்தது?

ஒரு நீண்ட பட்டையை வரைந்து ஆறு சம கட்டங்களாகப் பிரியுங்கள். மூன்றில் ஒரு பங்கு என்பது இரண்டு கட்டங்கள், அவை புத்தகத்திற்கு. எஞ்சியவை நான்கு கட்டங்கள். அவற்றில் நான்கில் ஒரு பங்கு ஒரு கட்டம், அது உணவுக்கு. இப்போது மிச்சம் மூன்று கட்டங்கள். அவை 30 வெள்ளி என்றால் ஒரு கட்டம் 10 வெள்ளி. ஆறு கட்டங்கள் 60 வெள்ளி.

இங்கே பிள்ளை தடுமாறும் இடம் ‘மீதியில்’ என்ற ஒரு சொல். அதைக் கவனியாமல் முழுப் பணத்தில் நான்கில் ஒரு பங்கு என்று கொண்டால் விடை 72 வெள்ளியாகி, கணக்கே வேறாகிவிடும். பட்டையை வரையும் பிள்ளை அச்சொல்லைத் தாண்டிப் போக முடியாது. எந்தப் பகுதியைப் பிரிப்பது என்று அங்கே நின்று யோசித்தே ஆக வேண்டும். ஆகவே வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுப்போர், விடை சரியா என்று பார்ப்பதற்கு முன்னர், ‘இதில் என்ன நடந்தது? உன் சொந்த வார்த்தையில் சொல், பார்க்கலாம்’ என்று கேட்பது பெரும் பயன் தரும்.

குறை ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை?

இன்றைய பெற்றோரிற் பலர் 1990களில் பள்ளியில் பயின்றவர்கள். அக்காலத்தில் தொடக்கநிலை 4இன் இறுதியில் மாணவர்களை இஎம்1, இஎம்2, இஎம்3 என மூன்று பிரிவுகளாகப் பிரிக்கும் முறை இருந்தது. அந்தப் பெயர்கள் பிள்ளைகளின் மனத்தில் ஏற்படுத்திய வடுவைப் பலர் இன்னும் மறக்கவில்லை. 2008இல் அம்முறை நீங்கி, பாட அடிப்படையிலான வகைப்படுத்தல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒரு பிள்ளை தொடக்கநிலை 5 முதல் ஒரு பாடத்தை வழக்கமான நிலையிலும், கடினமாக உள்ள மற்றொரு பாடத்தை அடிப்படை நிலையிலும் பயிலலாம். நான்காம் வகுப்பு முடிவில் பள்ளி பரிந்துரை செய்யும். பெற்றோர் தம் விருப்பத்தைத் தெரிவிப்பர்.

தேர்வுகளின் சுமையும் குறைந்துள்ளது. 2019 முதல் தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு மொத்த மதிப்பெண்ணில் சேரும் தேர்வுகள் இல்லை. 2023 முதல் எல்லா வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. 2021 முதல் பிஎஸ்எல்இயிலும் பழைய டி-ஸ்கோர் முறை போய், ஒவ்வொரு பாடத்திற்கும் 1 முதல் 8 வரையிலான அடைவுநிலைகள் வந்துள்ளன. சக மாணவர்களோடு ஒப்பிடாமல், பிள்ளை எந்த அளவு கற்றிருக்கிறது என்பதையே இவை காட்டுகின்றன.

இவை யாவும் பிள்ளைகளின் மனநலத்திற்கு உகந்த மாற்றங்கள். அதே வேளையில் பெற்றோரின் பொறுப்பு கூடியுள்ளது. முன்பு மதிப்பெண் அட்டை அடிக்கடி எச்சரித்தது. இப்போது அந்த எச்சரிக்கை மணி குறைவாகவே ஒலிக்கிறது. பிள்ளை எதைப் புரிந்துகொண்டது, எதில் தயங்குகிறது என்பதைப் பேசிப் பழகித் தெரிந்துகொள்ள வேண்டும்; பெற்றோர் - ஆசிரியர் சந்திப்பைத் தவறவிடாமல், ‘என் பிள்ளை வாசித்ததை விளக்கிச் சொல்கிறானா?’ என்று ஆசிரியரிடம் கேட்க வேண்டும். நான்காம் வகுப்பு முடிவில் பாடநிலையைத் தீர்மானிக்கும் படிவம் கைக்கு வரும்போதுதான் முதன்முதலாக விழித்துக்கொள்வது காலங்கடந்த செயலாகும்.

தமிழ் தடையன்று, துணை

‘எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, நான் எப்படிப் பிள்ளைக்கு உதவுவது?’ என்று ஏங்கும் தாய்மார்களும் பாட்டிமார்களும் நம்மிடையே உண்டு. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழியாக இருப்பதால் இந்த ஏக்கம் இயல்பானதே. இன்னும் சிலர், பிள்ளை குழம்பிவிடும் என்று அஞ்சி வீட்டில் தமிழ் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த அச்சம் தேவையற்றது. கனடாவைச் சேர்ந்த மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்றாடம் உரையாடும் மொழி வேறு, பாடம் கற்கும் மொழி வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். ஒரு மொழியில் ஆழமாகப் பெற்ற கருத்தறிவு மற்றொரு மொழியில் கற்பதற்கும் கைகொடுக்கும் என்பதும் அவர் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு. பொங்கல் பானையைக் கிளறும் பாட்டி, ‘இரும்புக் கரண்டியை வைத்தால் கை சுடும், மரக் கரண்டியை எடு’ என்கிறார். ‘ஏன் பாட்டி?’ என்று பிள்ளை கேட்கிறது. ‘இரும்பு சூட்டைச் சீக்கிரம் கடத்தும், மரம் அவ்வளவாகக் கடத்தாது’ என்று அவர் தமிழில் சொன்னால், வெப்பம் கடத்தும் பொருள், எளிதில் கடத்தாப் பொருள் என்ற அறிவியல் கருத்தைப் பிள்ளை பெற்றுவிட்டது. வகுப்பில் ஆசிரியர் கண்டக்டர் என்று கூறும்போது, முன்பே தெரிந்த கருத்துக்குப் புதிய பெயரைக் கற்றுக்கொள்வது மட்டுமே பாக்கி.

ஆகவே எந்த மொழியில் பேசுகிறோம் என்பதைப்போலவே எவ்வளவு ஆழமாகப் பேசுகிறோம் என்பதும் முக்கியம். ‘சாப்பிட்டாயா, குளித்தாயா, வீட்டுப்பாடம் முடித்தாயா’ என்ற மூன்று கேள்விகளோடு நின்றுவிடும் வீட்டில் எம்மொழியும் வளராது. ஏன், எப்படி, இல்லாவிட்டால் என்னவாகும் என்ற கேள்விகள் புழங்கும் வீட்டில் தமிழும் வளரும், பாடமும் வளரும். தமிழ்த் தேர்வில் காணொளியைப் பார்த்து அதைப் பற்றி உரையாடும் பகுதிக்கும் இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.

பாராட்டும் முறை

பத்து முதல் பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ‘எனக்குக் கணக்கு வராது’ என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் அதை மாற்றுவது எளிதன்று. ஆகையால் இவ்வயதில் பெரியோர் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் வலிமை அதிகம்.

கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, ஒரு சாராரை ‘நீ புத்திசாலி’ என்றும், மற்றொரு சாராரை ‘நன்றாக முயன்றாய்’ என்றும் பாராட்டினர். பின்னர் கடினமான புதிர்கள் தரப்பட்டன. புத்திசாலி என்று புகழப்பட்டவர்கள் தோல்வி கண்டதும் விரைவில் சோர்ந்தனர். அடுத்த புதிர்களிலும் அவர்களின் திறம் குறைந்தது. முயற்சிக்காகப் பாராட்டுப் பெற்றவர்கள் விடாமல் முயன்றனர். ‘மாமா பிள்ளையைப் பார், எப்படிப் படிக்கிறான்!’ என்று ஒப்பிடுவதை விட்டு, ‘நேற்று இரண்டு வரிதான் எழுதினாய், இன்று ஐந்து வரி எழுதியிருக்கிறாய்’ என்று பிள்ளையின் சொந்த முன்னேற்றத்தைச் சுட்டுவதே சிறந்தது.

பெற்றோர் செய்யக்கூடியவை

பெரும் பணச்செலவின்றி ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, நாள்தோறும் 20 நிமிடம் பாடநூல் அல்லாத புத்தகம் ஒன்றை வாசித்தல். சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் பொது நூலகங்களில் கட்டணமின்றி உறுப்பினராகலாம். அங்கே தமிழ் நூல்களும் இருக்கின்றன. கதைகளோடு விலங்குகள், விண்வெளி, வரலாறு பற்றிய நூல்களையும் எடுத்துவர வேண்டும். பாடநூலுக்குரிய சொற்கள் அவற்றில்தான் மிகுதியாகப் புழங்குகின்றன.

இரண்டாவது, வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதில் என்ன இருந்தது என்று இரண்டு நிமிடம் சொல்லச் சொல்லுதல். தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்லட்டும்.

மூன்றாவது, புதிய சொற்களுக்கு ஒரு குறிப்பேடு. நாளுக்கு இரண்டு சொல் போதும். சொல், அதன் பொருள், பிள்ளை தானே அமைத்த ஒரு வாக்கியம் ஆகியவற்றை எழுதி வந்தால் ஓராண்டில் எழுநூறு சொற்களுக்கு மேல் சேரும்.

நான்காவது, நல்ல உறக்கம். இரவு வெகுநேரம் கைத்தொலைபேசியோடு விழித்திருக்கும் பிள்ளைக்கு மறுநாள் எந்த ஆசிரியர் பாடம் நடத்தினாலும் மனத்தில் தங்குவது அரிது.

கொடையாளர்களின் சிந்தனைக்கு

வசதி குறைந்த சிங்கப்பூர்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடநூல், சீருடை, உணவு போன்றவற்றுக்குக் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டம் உண்டு. 1991இல் தொடங்கப்பட்ட சிண்டா, நம் சமூகத்தினரின் மாதச் சந்தாவைக் கொண்டு துணைப்பாட வகுப்புகளை நடத்தி வருகிறது. இவற்றுக்கு அப்பால் நம் கொடை எங்கே மிகுந்த பயன் தரும்?

ஆறாம் வகுப்பின் கடைசி மாதங்களில் நடத்தும் தேர்வுப் பயிற்சியோடு, நான்காம் வகுப்பிலிருந்தே வாரந்தோறும் நடைபெறும் வாசிப்பு வகுப்புக்கும் பொருளுதவி செய்யலாம். நாற்பது பேரை ஒரே அறையில் அமர்த்துவதைவிட ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுக்களே இதற்கு ஏற்றவை. ஒவ்வொரு பிள்ளையும் வாய்திறந்து பேச வாய்ப்புக் கிடைக்கும். கூட்டுக் குடும்பமாகச் சிறிய அடுக்குமாடி வீட்டில் வாழும் பிள்ளைக்கு அமைதியான ஒரு மேசையும் விளக்கும்கூடப் பெரிய கொடைதான். கோயில் மண்டபத்தின் ஒரு மூலையை மாலை வேளையில் அதற்கென ஒதுக்க முடியும். பொருள் தர இயலாதவர்கள் வாரம் ஒரு மணி நேரம் தரலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், தொடக்கக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களும் இத்தொண்டுக்கு மிகவும் உரியவர்கள்.

இத்தகைய உதவியின் பலன் உடனே கண்ணுக்குத் தெரியாது. பரிசளிப்பு விழாவில் மேடையேற்றிப் படம்பிடிக்க நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் இறுதித் தேர்வு முடிவு எதுவும் இல்லை. அதனாலேயே இவ்வுதவி பலரின் கவனத்திற்கு வராமல் போகிறது.

குடமுழுக்கு நாளில் ஆயிரக்கணக்கானோர் அண்ணாந்து பார்ப்பது கோபுரக் கலசத்தை. அந்தக் கலசம் உறுதியாக நிற்பதற்கு, அதற்கு முந்திய ஆண்டுகளில் அமைதியாக நடந்தேறிய திருப்பணியே காரணம் என்பதை மெய்யன்பர்கள் அறிவீர்கள். திருப்பணி நடக்கும் காலத்திலேயே பொருளும் உழைப்பும் தந்து பழகிய சமூகம் நம்முடையது. அதே பழக்கத்தோடு நம் பிள்ளைகள் நான்காம் வகுப்பில் நிற்கும்போதே அவர்களுக்குக் கைகொடுப்போமாக.